மூன்று வயதோடு மூளையின் கதவு மூடிவிடுமா?

நொய்யல் | செவ்வாய், இரவு 11:40

வணக்கம். இதுவரை இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தவள், முதல் முறையாக எழுதுகிறேன். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 19 மாதப் பெண் குழந்தை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். காலை எட்டரைக்குக் கிளம்பினால் திரும்ப ஏழு ஆகும், ஷிப்மெண்ட் நேரத்தில் ஒன்பதுகூட ஆகும். கணவருக்கு டையிங்கில் ஷிஃப்ட் வேலை. பகல் முழுக்கக் குழந்தை என் மாமியாரிடம்தான். போன ஞாயிறு எங்கள் காம்பவுண்டுக்கு ஒரு கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். குழந்தை எத்தனை வார்த்தை பேசுகிறாள் என்று கேட்டார்கள். "அம்மா, தா, இன்னும் ஒன்றிரண்டு" என்றேன். உடனே ஒரு படத்தை எடுத்துக் காட்டி, ஐந்து வயதுக்குள் மூளை 90 சதவீதம் முடிந்துவிடும், அதிலும் மூன்று வயதுக்குள்தான் கதவு திறந்திருக்கும், உங்களுக்கு இன்னும் 17 மாதம்தான் மிச்சம் என்றார்கள். ஒரு டேப்லெட், படம் போட்ட அட்டைகள், பாட்டு எல்லாம் சேர்த்து இரண்டு வருடத்துக்கு 48,000 ரூபாய், தவணையிலும் கட்டலாமாம்.

அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. சோறு ஊட்டும்போது மாமியார் போன் கொடுத்துவிடுவார், அது எனக்குத் தெரியும், நானும் கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டேன். அந்த 17 மாதக் கணக்கு உண்மையா? நகையை அடகு வைத்தாவது வாங்கவேண்டிய பொருளா இது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மழைக்குருவி | செவ்வாய், இரவு 11:58

பணம் கட்டாதீர்கள் தோழி. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், விளக்கம் மற்றவர்கள் சொல்வார்கள். இதே மாதிரி ஒன்றை என் மூத்தவனுக்கு வாங்கினேன். அட்டையில் இருக்கிற யானையைப் பார்த்து யானை என்று சொன்னான், தெருவில் யானை வந்தபோது அதை யாரென்று தெரியாமல் என் பின்னால் ஒளிந்தான். நீங்கள் தூங்குங்கள், நாளைக்குப் பேசலாம்.


வார்டு எண் 7 | புதன், காலை 6:10

இரவுப் பணி முடிந்து பேருந்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். 22 வருடமாகக் குழந்தைகள் பிரிவில் செவிலியாக இருக்கிறேன்.

அந்த 90 சதவீதம் எதைப் பற்றியது என்று அவர்கள் உங்களிடம் சொல்லவில்லை. அது மூளையின் அளவு. பிறக்கும்போது குழந்தையின் மூளை ஏறக்குறைய 350, 400 கிராம் இருக்கும், பெரியவர்களுக்கு 1,300, 1,400 கிராம். இரண்டு வயதில் பெரியவர்களின் அளவில் முக்கால் பங்கைத் தாண்டிவிடும், ஐந்து வயதில் 90-ஐத் தொடும். அதனால்தான் ஒவ்வொரு தடுப்பூசிக்கு வரும்போதும் தலைச் சுற்றளவை டேப் வைத்து அளக்கிறோம். அளவு முடிவதும் கற்கும் திறன் முடிவதும் ஒன்றில்லை. ஐந்து வயதுப் பிள்ளையின் உயரத்தைப் பெரியவர்களோடு ஒப்பிட்டு, 'பாதிக்கு மேல் வளர்ந்தாயிற்று, இனி ஓடக் கற்றுக்கொள்ள முடியாது' என்று யாராவது சொன்னால் நம்புவோமா?

உள்ளே நடப்பது இன்னும் வேறு மாதிரி. நரம்பணுக்களுக்கு நடுவே உள்ள இணைப்புகள் முதல் வருடங்களில் தேவைக்கு மேல் ஏராளமாக முளைக்கின்றன, அப்புறம் புழங்குகிறவை நிலைத்து, புழங்காதவை கழிந்துபோகின்றன. சிகாகோவில் பீட்டர் ஹட்டன்லோக்கர் என்ற மருத்துவர் இறந்தவர்களின் மூளைத் துண்டுகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து இந்த இணைப்புகளை எண்ணினார், 1979-லிருந்து அந்தக் கணக்குகள் வெளிவந்தன. பார்வைப் பகுதியில் முதல் வருடத்துக்குள்ளேயே உச்சம் தொட்டுவிடுகிறது. நெற்றிக்குப் பின்னால், யோசிக்கவும் பொறுமை காக்கவும் உதவுகிற பகுதியில் அந்தக் கழித்தல் விடலைப் பருவம் வரைக்கும் போகிறது. ஆக மூளை முழுவதற்கும் ஒரே கதவு, ஒரே பூட்டு என்பது கிடையாது.

ஆனால் உங்கள் குழந்தை விஷயத்தில் எனக்கு வேறு ஒன்று தெரியவேண்டும். கை நீட்டி எதையாவது காட்டுகிறாளா? ஏதாவது வேண்டும் என்று கை நீட்டுவதை மட்டும் நான் கேட்கவில்லை, "அங்கே பார்" என்கிற மாதிரி காட்டுகிறாளா என்று கேட்கிறேன். முதுகுப் பக்கமிருந்து மெதுவாகப் பேர் சொன்னால் திரும்புகிறாளா? அடிக்கடி சளி பிடிக்கிறதா? பிறந்தபோது காது சோதனை செய்தார்களா?


நொய்யல் | புதன், மதியம் 1:20

சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன் அக்கா. கை காட்டுவாள், காக்கா, பைக், மேலே போகிற விமானம் எல்லாம் காட்டிவிட்டு என் முகத்தைத் திரும்பிப் பார்ப்பாள். கேட் சத்தத்துக்கு ஓடுவாள். ஆனால் பின்னாலிருந்து கூப்பிட்டால் சில நேரம் திரும்புவதே இல்லை, விளையாட்டு மும்முரம் என்று நினைத்துக்கொண்டோம். சளி மாதம் ஒருமுறையாவது வருகிறது. பிறந்தபோது காதுக்கு என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை, தனியார் மருத்துவமனை, கோப்பில் ஒன்றும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். என் மாமியார் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். நான் தமிழ். அந்தக் கம்பெனிக்காரர், இரண்டு மொழி பேசினால் குழந்தை குழம்பிப் பேச்சு தள்ளிப்போகும், ஒன்றை நிறுத்துங்கள் என்றார். அதை மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நான்கு நாளாக முழித்துக்கொண்டிருக்கிறேன்.


வார்டு எண் 7 | புதன், மதியம் 2:05

கை காட்டிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறாளே, அதைப் படித்ததும் எனக்கே நிம்மதியாக இருந்தது. நல்ல அறிகுறி அது. ஆனாலும் காதைச் சோதிக்காமல் விடாதீர்கள். அரசு மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. என்று கேளுங்கள், குழந்தைகளின் குறைபாடுகளை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கிற மையம் அது, 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்டத்துக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். காது, கண், பேச்சு, நடை எல்லாவற்றையும் அங்கே இலவசமாகப் பார்ப்பார்கள். "இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம்" என்று யார் சொன்னாலும், காது விஷயத்தில் மட்டும் காத்திருக்காதீர்கள்.


எழுத்தாணி | புதன், இரவு 9:30

மாமியாரிடம் ஒன்றும் சொல்லவேண்டாம், தயவுசெய்து சொல்லாதீர்கள். இரண்டு மொழியால் பேச்சு கெடாது. இரண்டு மொழி கேட்டு வளர்கிற குழந்தைக்கு வார்த்தை எண்ணும்போது இரண்டையும் கூட்டித்தான் எண்ணவேண்டும். நீங்கள் "ஒன்றிரண்டு" என்றது தமிழை மட்டும் எண்ணியா? பகல் முழுக்க அவளோடு இருப்பவரிடம் கேட்டு எண்ணிப் பாருங்கள்.

நான் மொழியியல் படித்தவன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். நமக்கு மிக நெருக்கமான ஒரு ஆய்வு இதில் இருக்கிறது. கனடாவின் வான்கூவரில் ஜேனட் வெர்க்கர் என்பவரும் ரிச்சர்ட் டீஸ் என்பவரும் 1984-இல் வெளியிட்டது. இந்தியில் உள்ள இரண்டு ஒலிகளை, நம் 'த'வுக்கும் 'ட'வுக்கும் இருக்கிற அதே வித்தியாசம், நாக்கு பல்லில் படுவதா மேலே மடங்குவதா என்கிற வித்தியாசம், அதை ஆங்கிலம் மட்டும் கேட்டு வளர்கிற குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் இரண்டும் வேறு என்று கண்டுபிடித்தார்கள். பத்து முதல் பன்னிரண்டு மாதத்தில் அந்தத் திறன் ஏறக்குறைய போய்விட்டது. அவர்களின் வீட்டில் அந்த வித்தியாசத்துக்கு வேலை இல்லை, மூளை அதை விட்டுவிட்டது. அக்கா சொன்ன கழித்தலை இப்படிக் காதாலேயே பார்க்கலாம். உங்கள் குழந்தையின் மூளையோ தமிழுக்கும் தெலுங்குக்கும் வேண்டிய ஒலிகளை எல்லாம் வைத்துக்கொண்டிருக்கிறது. அவளுடைய அவ்வா (தெலுங்கில் பாட்டி) பேசிப் பேசிக் கொடுத்த சொத்து அது.

அந்த டேப்லெட் பற்றியும் ஒன்று. சியாட்டிலில் பட்ரீசியா குல் குழுவினர் 2003-இல் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளைச் சீன மொழி பேசும் ஆட்களோடு விளையாட விட்டார்கள், நான்கு வாரத்தில் பன்னிரண்டு முறை, ஒவ்வொன்றும் அரை மணிக்கும் குறைவு. முடிவில் அந்தக் குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறிந்ததில் தைவான் குழந்தைகளுக்குச் சளைக்கவில்லை. அதே ஆட்களை, அதே பேச்சைத் தொலைக்காட்சியில் காட்டியபோது? ஒன்றுமே ஏறவில்லை. வெறும் ஒலியாகப் போட்டபோதும் அப்படியே. குழந்தைக்கு எதிரில் ஒரு ஆள் வேண்டும். தான் பார்க்கிற திசையில் பார்க்கிற ஆள், தான் "ங்கா" என்றால் நிறுத்திக் கேட்டு பதில் சொல்கிற ஆள்.


தூரதேசம் | புதன், இரவு 10:15

அண்ணா, நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் ஷார்ஜாவில் இருக்கிறேன், என் மகனுக்கு இரண்டேகால் வயது, ஊருக்குப் போய் ஒரு வருடம் ஆகிறது. தினமும் இரவு அவனோடு வீடியோ காலில் பேசுவதுதான் எங்களுக்குள் இருக்கிற ஒரே தொடர்பு. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அதுவும் வீண்தானா? திரையில் ஒன்றும் ஏறாது என்றால் நான் அவனுக்கு யார்?


எழுத்தாணி | புதன், இரவு 10:40

இல்லை தம்பி, அவசரப்பட்டு எழுதிவிட்டேன், மன்னியுங்கள். நீங்கள் செய்வது வேறு. 2014-இல் அமெரிக்காவில் இதையே சோதித்தார்கள், 24 முதல் 30 மாதக் குழந்தைகளிடம். நேரில் ஒரு ஆள் புது வினைச்சொல் கற்றுக்கொடுத்தார், அதே போல வீடியோ காலில் ஒரு ஆள், அப்புறம் ஏற்கெனவே பதிவு செய்த வீடியோ. நேரிலும் வீடியோ காலிலும் குழந்தைகள் கற்றுக்கொண்டார்கள், பதிவில் கற்கவில்லை. அவன் சொன்னதற்கு நீங்கள் பதில் சொல்கிறீர்கள், அவன் சிரித்தால் சிரிக்கிறீர்கள், அவனுக்கு அது போதும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016-இல் ஒன்றரை வயதுக்குக் கீழே திரையே வேண்டாம் என்று சொன்னபோதும் வீடியோ காலுக்கு மட்டும் விலக்கு கொடுத்தது. பேசுங்கள். அவன் தூக்கிக் காட்டுகிற பொம்மையைப் பற்றிப் பேசுங்கள். கூடவே உங்கள் மனைவியைப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள், நீங்கள் "பந்தை எடு" என்றால் கையில் கொடுக்க ஒருவர் வேண்டுமல்லவா.


தூரதேசம் | புதன், இரவு 10:44

நன்றி அண்ணா. வேறொன்றும் எழுத வரவில்லை.


நேர்வழி | வியாழன், காலை 7:30

எல்லோரும் சேர்ந்து அந்தச் சகோதரியை ரொம்பவும் சமாதானப்படுத்துகிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. கம்பெனிக்காரன் விற்பனைக்காகச் சொன்னான் என்பதாலேயே அது முழுப் பொய் ஆகிவிடாது.

ருமேனியாவில் நடந்ததைப் படியுங்கள். 1966-இல் அந்த நாட்டை ஆண்ட சௌசெஸ்கு கருக்கலைப்பைத் தடை செய்தார், வளர்க்க முடியாத பிள்ளைகள் அரசு விடுதிகளில் குவிந்தார்கள். 1989 டிசம்பரில் அவர் விழுந்தபிறகுதான் உலகமே அதைப் பார்த்தது. 2000 வாக்கில் புக்கரெஸ்ட் நகரில் ஆறு விடுதிகளிலிருந்து 136 குழந்தைகளை எடுத்து, குலுக்கல் போட்டுப் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பி, வருடக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். ஆய்வு தொடங்கியபோது அவர்களுக்கு வயது ஆறு மாதம் முதல் 31 மாதம். உணவு இருந்தது, உடை இருந்தது, தூக்கிப் பேச ஆள் இல்லை. குடும்பத்துக்குப் போன பிள்ளைகள் தேறினார்கள். அதில் இரண்டு வயதுக்கு முன்னால் போனவர்கள் பல விஷயங்களில் கூடுதலாகத் தேறினார்கள், எட்டு வயதில் எடுத்த மூளை அலைப் பதிவில் அவர்கள் வீட்டில் வளர்ந்த பிள்ளைகளைப் போலவே இருந்தார்கள். தாமதமாகப் போனவர்களுக்கு அப்படி வரவில்லை.

எனக்கு இதில் சொந்த அனுபவமும் உண்டு. என் மகனுக்கு இரண்டு வயதில் லேசான மாறுகண். அதிர்ஷ்டம் என்றார்கள் வீட்டில். காட்டப்போன மருத்துவமனையில் வளர வளரச் சரியாகும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எட்டு வயதில் பள்ளியில் கண் சோதனை வைத்தபோதுதான் ஒரு கண்ணில் பார்வை பாதிகூட இல்லை என்று தெரிந்தது. கண்ணில் கோளாறு இல்லை, அந்தக் கண்ணிலிருந்து வருவதை மூளை வாங்கிக்கொள்ளப் பழகவில்லை என்றார் அடுத்த மருத்துவர். நல்ல கண்ணை மூடிப் பயிற்சி கொடுத்தோம், கொஞ்சம் வந்தது, முழுதாக வரவில்லை. இன்று அவனுக்கு 15 வயது. அதனால் யாராவது "ஒன்றும் அவசரமில்லை" என்றால் எனக்கு வயிறு கலங்குகிறது.


வார்டு எண் 7 | வியாழன், மாலை 4:50

உங்கள் கோபம் நியாயம் அண்ணா. கண் விஷயத்தில் நீங்கள் சொல்வது அத்தனையும் சரி. ஹ்யூபெல், வீசல் என்ற இருவர் பூனைக்குட்டியின் ஒரு கண்ணை மூடி வைத்துக் காட்டியதே அதுதான்: குட்டியாக இருக்கும்போது சில வாரம் மூடினால் அந்தக் கண்ணுக்கான மூளை இடத்தை மற்ற கண் எடுத்துக்கொள்கிறது, வளர்ந்த பூனைக்கு மூடினால் அப்படி ஆவதில்லை. 1981-இல் நோபல் பரிசு வாங்கினார்கள். பிறவிக் கண்புரை என்றால் நாங்கள் வாரக்கணக்கில்தான் பேசுவோம், மாதக்கணக்கில் பேசமாட்டோம்.

ஆனால் அங்கேயும் முழுக்க இருட்டு இல்லை. பவன் சின்கா என்ற பேராசிரியர், எம்.ஐ.டி.யில் இருப்பவர், வட இந்தியாவில் பிறந்ததிலிருந்து கண்புரையோடு இருந்த பெரிய பிள்ளைகளுக்கு அறுவைசிகிச்சை செய்ய வைத்துப் பார்த்துவருகிறார். 2011-இல் ஐந்து பேரைப் பற்றி எழுதினார்கள், எட்டு வயது முதல் பதினேழு வயது வரை. கட்டுப் பிரித்த உடனே, கையால் தடவி அறிந்த பொருளைக் கண்ணால் அடையாளம் காண முடியவில்லை. சில நாட்களிலேயே முடிந்தது. கூர்மையான பார்வை வரவில்லை, உண்மைதான். ஆனாலும் அந்த வயதிலும் மூளை பார்க்கக் கற்றுக்கொண்டது.

புக்கரெஸ்ட் குழந்தைகளுக்குக் கிடைக்காதது எதுவோ அது இந்தக் குழந்தைக்கு நாள் முழுக்கக் கிடைக்கிறது. மடியில் வைத்துப் பேச அவ்வா இருக்கிறார். எனக்கு அவசரம் உண்டு, ஆனால் அது காது சோதனைக்கான அவசரம். 48,000 ரூபாய் அட்டைக்கு இல்லை.


நேர்வழி | வியாழன், மாலை 5:30

அட்டை வாங்கச் சொல்லவில்லை சகோதரி. காதைப் பார்க்கச் சொல்வதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் மூன்று வயது என்பது வெறும் பேச்சு என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது, அதில் நான் மாறப்போவதில்லை.


சத்துமாவு | வெள்ளி, மதியம் 2:40

நான் தாராபுரம் பக்கம் அங்கன்வாடியில் 17 வருசமாக இருக்கிறேன். பிள்ளைகள் தூங்குகிறார்கள், அதற்குள் எழுதிவிடுகிறேன்.

கண்ணு, உனக்கு ஒரு கதை சொல்கிறேன், ஒரு பயிற்சியில் கேட்டது, அப்புறம் என் மகள் தேடி எடுத்துப் படித்துக் காட்டினாள். ஜமைக்கா நாட்டில் கிங்ஸ்டன் நகரம். 1986, 87-இல் சாலி கிராந்தம்-மெக்ரெகர் என்ற மருத்துவர், ஏழை வீடுகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளை எடுத்தார், ஒன்பது மாதம் முதல் இரண்டு வயது வரை. சில பேருக்குப் பால் பவுடர் மட்டும். சில பேருக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒரு சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வருவார், நம்ம மாதிரி சாதாரணப் பெண்கள்தான். சில பேருக்கு இரண்டும், சில பேருக்கு ஒன்றும் இல்லை. வருகிறவர் குழந்தைக்குப் பாடம் நடத்தவில்லை கண்ணு, அம்மாவும் குழந்தையும் சேர்ந்து விளையாடக் காட்டிக்கொடுத்தார், அவ்வளவுதான். பொம்மை எல்லாம் வீட்டில் தூக்கிப்போடுகிற சாமானில் செய்தது. இரண்டு வருடம் இப்படி. இருபது வருடம் கழித்து அந்தப் பிள்ளைகளைத் தேடிப்போய்ப் பார்த்தால், வீட்டுக்கு ஆள் வந்த பிள்ளைகள் வராத பிள்ளைகளைவிட 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். பால் பவுடர் மட்டும் வாங்கின பிள்ளைகளிடம் அந்த வித்தியாசம் இல்லை. அப்புறம் இதையே வங்கதேசத்தில், நம்ம ஒடிசாவில் எல்லாம் செய்து பார்த்திருக்கிறார்கள்.

நான் இதைக் கேட்டபோது அழுதுவிட்டேன். 17 வருசமாக எங்களை முட்டை கொடுக்கிற ஆள், மாவு கொடுக்கிற ஆள், கணக்கு எழுதுகிற ஆள் என்றுதான் எல்லோரும் பார்த்தார்கள், நாங்களும் அப்படித்தான் எங்களைப் பார்த்துக்கொண்டோம்.

இப்போது வீடுகளுக்குப் போகும்போது இதைத்தான் செய்கிறேன். வாய் இறுக்கி மூடின பிளாஸ்டிக் பாட்டிலில் கொஞ்சம் துவரை போட்டுக் கிலுகிலுப்பை. சின்ன டம்ளர் பெரிய டம்ளருக்குள் போகும், மாற்றிப் போட்டால் என்ன ஆகிறது என்று அதுவே பார்க்கட்டும். பாத்திரம் துலக்கும்போது பக்கத்தில் உட்கார வைத்து, "இது கரண்டி, கரண்டி வழுக்குது, டமார்" என்று பேசிக்கொண்டே துலக்கு. அது ஏதாவது சொன்னால் நிறுத்தி, அது சொன்னதையே திருப்பிச் சொல்லு. உன் வேலையும் கெடாது. சின்ன மூடி, பட்டாணி, நாணயம் மட்டும் கிட்டே வைக்காதே, தொண்டையில் போய்விடும்.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியம். குழந்தைக்கு ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தாயா? 2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்பில் நம் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குள் இருக்கிற பிள்ளைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து ரத்தத்துக்கு மட்டும் என்று நினைக்கிறோம், மூளை நரம்பின் மேலே உறை கட்டுவதற்கும் அது வேண்டும். அது குறைந்த பிள்ளை சோர்ந்து உட்காரும், சிணுங்கும், விளையாட்டில் மனசு நிற்காது, நாமோ "அமைதியான பிள்ளை" என்று சந்தோசப்படுவோம். பால் எவ்வளவு குடிக்கிறாள்? பால் பால் என்று அதையே குடித்து வயிறு நிறைந்தால் சோறு, கீரை, முட்டைக்கு இடமே இருக்காது.


முற்றம் | வெள்ளி, இரவு 8:15

நான் ஒரு பாட்டி. என் பேரன் எனக்கு டைப் செய்து தருகிறான். எனக்கு 64 வயது, முழங்கால் தேய்ந்திருக்கிறது. இரண்டு வயதுப் பேத்தியை நான்தான் பகலில் பார்க்கிறேன். சோறு ஊட்டும்போது நானும் போன் கொடுக்கிறேன், ஏனென்றால் அவள் ஓடினால் என்னால் பின்னால் ஓட முடியாது. முன்பெல்லாம் வீட்டில் பத்துப் பேர் இருந்தோம், ஒருத்தி ஊட்டினால் ஒருத்தி காக்கா காட்டுவாள், ஒருத்தி நிலா காட்டுவாள். இப்போது நான் ஒருத்தி. இதைக் குறை சொல்லாமல், எங்களால் செய்ய முடிகிற மாதிரி ஒரு வழி சொன்னால் நல்லது.


சத்துமாவு | வெள்ளி, இரவு 8:50

அம்மா, உங்களைக் குறை சொல்ல யாருக்கும் தகுதி இல்லை. ஒரு வழி சொல்கிறேன், எங்கள் மையத்தில் நாங்கள் செய்வது. பிள்ளை ஓடுகிற இடத்தில் ஊட்டாதீர்கள். ஒரே இடம், ஒரு மூலையில் பாய் போட்டு, நீங்கள் நாற்காலியில் உட்காருங்கள். அவள் தட்டில் நாலு வாய் போட்டு அவள் கையாலேயே எடுக்க விடுங்கள், சிந்தட்டும். இருபது நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள், அடுத்த வேளைக்குப் பசித்து வருவாள். நாலைந்து நாள் கத்துவாள். போனை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள், உங்கள் கையில் இருந்தால் நீங்களே கொடுத்துவிடுவீர்கள்.


எழுத்தாணி | வெள்ளி, இரவு 9:20

பாட்டி சொன்ன அந்தப் பத்துப் பேர் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பிள்ளைத்தமிழில் ஐந்தாம் மாதம் செங்கீரை, கையையும் முழங்காலையும் ஊன்றித் தலையை ஆட்டுகிற பருவம். ஒன்பதாம் மாதம் சப்பாணி, கை கொட்டுகிற பருவம். அப்புறம் முத்தம், வருகை, அம்புலி. ஒவ்வொரு மாதமும் குழந்தை என்ன செய்யும் என்று உற்றுப் பார்த்தவர்கள்தான் அப்படிப் பிரித்திருக்க முடியும். சப்பாணியில் பாருங்கள், எதிரில் ஒருவர் கொட்டினால்தான் குழந்தை கொட்டும். அம்புலியைக் காட்டவும் ஒருவர் வேண்டும். நண்டு நரி விளையாட்டில் விரல் அக்குளை நெருங்க நெருங்கக் குழந்தை முன்கூட்டியே சிரிக்கிறதே, அடுத்தது என்ன என்று அதன் மூளை கணிக்கிற நேரம் அது. உட்கார்ந்த இடத்திலிருந்தே செய்யலாம் பாட்டி, முழங்கால் வேண்டாம்.


மழைக்குருவி | வெள்ளி, இரவு 9:50

பாட்டு சிடி பற்றி யாரும் சொல்லவில்லை, நான் வாங்கியதிலும் அது இருந்தது, மொசார்ட் என்பவரின் மேல்நாட்டு இசையைக் கேட்டால் குழந்தைக்கு அறிவு கூடும் என்று. அப்புறம்தான் தெரிந்துகொண்டேன், அந்தப் பேச்சுக்கு அடிப்படையான 1993 ஆய்வு கல்லூரி மாணவர்களிடம் செய்தது, குழந்தைகள் யாரும் அதில் இல்லை. பலனும் ஏறக்குறைய கால் மணி நேரம்தான் நின்றதாம். அதை வைத்து உலகம் முழுக்க என்னென்ன விற்றார்கள்!


நொய்யல் | ஞாயிறு, இரவு 10:30

எழுத்தாணி அண்ணா, எண்ணிவிட்டேன். இன்று லீவு, மாமியாரோடு உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதினோம். அவ்வா, நீள்ளு, ரா, குக்க, சாலு. பால் என்று நான் நினைத்தது அவளுக்குப் பாலு. அம்மா, தா, காக்கா, டாட்டா, பூ. பதினொன்று! அவள் தண்ணீர் கேட்கவே மாட்டாள் என்று நான் கம்பெனிக்காரரிடம் சொன்னேன், அவள் தினமும் நீள்ளு என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள், எனக்குத்தான் அந்த வார்த்தை காதில் விழவில்லை. நாலு வருடமாக அந்த வீட்டில் இருக்கிறேன்.

மாமியார் நோட்டை வாங்கி வைத்துக்கொண்டார், புது வார்த்தை வந்தால் எழுத வேண்டுமாம். அவருக்குத் தமிழும் எழுத வராது, தெலுங்கும் எழுத வராது, பக்கத்து வீட்டுப் பெண்ணை விட்டு எழுதுவாராம்.


வார்டு எண் 7 | ஞாயிறு, இரவு 10:45

இரண்டு வயதுக்குள் ஐம்பதை நெருங்கவேண்டும், இரண்டு வார்த்தையைச் சேர்த்துச் சொல்லவேண்டும், அதையும் அந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். காதுக்கு எப்போது போகிறீர்கள்?


நொய்யல் | மூன்று வாரம் கழித்து, சனி, மாலை 6:10

தாமதத்துக்கு மன்னியுங்கள், ஷிப்மெண்ட் நேரம். காது பார்த்தாயிற்று. உள்காதும் நரம்பும் நன்றாக இருக்கிறது, ஆனால் இரண்டு பக்கமும் நடுக்காதில் நீர் கோத்திருக்கிறதாம், தண்ணீருக்குள் இருந்து கேட்கிற மாதிரிதான் அவளுக்குக் கேட்டிருக்கும் என்றார்கள். பெரும்பாலும் தானாக வற்றிவிடும், மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள், அப்போதும் இருந்தால் அடுத்தது என்ன என்று சொல்வார்கள். அதுவரை கிட்டே போய், முகத்தைப் பார்த்து, தெளிவாகப் பேசச் சொன்னார்கள். அப்படியே செய்கிறோம்.

ஹீமோகுளோபின் 9.1. அங்கன்வாடி அக்கா, நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் அதை நான் கேட்டே இருக்கமாட்டேன். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் பால் குடித்துக்கொண்டிருந்தாள், பாதியாகக் குறைத்துவிட்டோம். இரும்புச்சத்து சிரப் ஒரு வாரமாகக் கொடுக்கிறோம். மலம் கறுப்பாகப் போகிறது, மாமியார் பயந்துபோய் நிறுத்தலாமா என்கிறார். பாலோடு கலந்து கொடுத்தால் குடிக்கிறாள், அது சரியா?

போன் இல்லாமல் சாப்பிட ஐந்து நாள் அழுதாள். ஆறாவது நாள் வாசலில் உட்கார்ந்து, போகிற வருகிற பைக்கை எண்ணிக்கொண்டு முக்கால் தட்டு சாப்பிட்டாள். கம்பெனிக்காரர் இரண்டு முறை போன் செய்தார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.


சத்துமாவு | சனி, மாலை 7:25

நிறுத்தாதே கண்ணு. கறுப்பாகப் போவது மருந்தால்தான், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் பாலில் கலக்காதே, பால் அந்தச் சத்தை உடம்பில் சேர விடாது. பாலுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் கொடு, பின்னாலேயே ரெண்டு வாய் எலுமிச்சை ஜூஸ், இல்லாவிட்டால் நெல்லிக்காய் ஜூஸ் கொடு, நன்றாகச் சேரும். பல்லில் படாமல் நாக்குக்குப் பின்னால் விடு, பல் கறுக்கும். ரத்தம் ஏறியபிறகும் டாக்டர் சொல்கிற நாள் வரைக்கும் கொடுக்கவேண்டும், பாட்டில் முடிந்ததே என்று விட்டுவிடாதே.


நொய்யல் | சனி, இரவு 7:50

சரி அக்கா, நாளையிலிருந்து காலையில் பாலுக்கு முன்னால் கொடுக்கிறேன். தெருவில் தண்ணீர் வண்டி வந்திருக்கிறது, இவள் சின்னக் குடத்தை இழுத்துக்கொண்டு "அவ்வா, நீள்ளு தா" என்று கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறாள். ஒரு வார்த்தை தெலுங்கு, ஒரு வார்த்தை தமிழ், இரண்டும் சேர்த்து. நோட்டில் எழுதிவிட்டு வருகிறேன்.